ரோபோக் கையில் சிறிய கேமராவைப் பொருத்தும் முறை

மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய ரோபோக் கையில் கேமராவைப் பொருத்துவோர், கேமராவைப் பிடித்திருக்கும் தாங்கியைப் பற்றி நிறைய யோசித்துவிட்டுக் கேபிளைக் கடைசியில் நினைக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கேமராவும், பொருளைப் பற்றும் நுனிப் பகுதியான கிரிப்பரும் ஒரே உடலைப் போல அசைய வேண்டும். கேபிளோ எந்த நிலையிலும் அவற்றை இழுக்கக் கூடாது.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்கான கேமராவின் இரண்டாம் பதிப்பு 3 கிராம்தான். ஆனால் தாங்கி, திருகுகள், கேபிள் எல்லாம் சேர்ந்தால் 20 கிராம் வரை வந்துவிடும். தோள் மூட்டிலிருந்து 30 செ.மீ. தொலைவில் அந்த 20 கிராம் இருந்தால், கை கிடையாக நீண்டு நிற்கும்போது தோள் மோட்டாருக்கு 0.6 கிலோ-செ.மீ. (எடையைத் தொலைவால் பெருக்கிய அளவு) கூடுதல் சுமை விழுகிறது. எஸ்ஜி90 வகைச் சர்வோ (சொன்ன கோணத்தில் நிற்கும் சிறு மோட்டார்) தன் முழு வலிமையில் தருவதே ஏறத்தாழ 1.8 கிலோ-செ.மீ. என்பதால், அத்தகைய கையில் கனமான வெப்கேமராவை மாட்ட வேண்டாம்.

மணிக்கட்டைச் சுழற்றும் மோட்டார் உங்கள் ரோபோக் கையில் இருந்தால், கேமராவை அந்த மோட்டாரோடு சுழலாத முன்கைப் பக்கமாகவே பொருத்துமாறு பரிந்துரைக்கிறேன். படம் கிரிப்பருடன் சேர்ந்து சுழலாது என்பது உண்மைதான். ஆனால் கேபிள் முறுக்கிக்கொள்ளும் தொல்லை அடியோடு நீங்கிவிடும். கிரிப்பரின் விரல் நுனிகள் படத்தின் கீழ் ஓரத்தில் தெரியும்படி கேமராவைச் சாய்த்து வையுங்கள். மேற்சொன்ன கேமரா, 10 செ.மீ. தொலைவில் சுமார் 12 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். அவ்வளவு அருகில் படம் மங்கலாகத் தெரிந்தால், லென்ஸை அதற்குரிய வளையத்தால் சிறிது வெளிப்புறமாக வருமாறு திருப்பிக் கூர்மையாக்கிக்கொள்ளலாம்.

தாங்கியை முப்பரிமாண அச்சுப்பொறியில் 3 மி.மீ. தடிமனில் அச்சிட்டு, வளையும் மூலையில் ஒரு முட்டுக் கொடுங்கள். கேமராப் பலகையின் துளைகளுக்கு 2 மி.மீ. திருகுகள் பொருந்தும். உலோகத் தாங்கியானால், பலகையின் பின்புறப் பற்றவைப்புகள் அதில் உரசி மின்கசிவு ஏற்படாதபடி நைலான் வாஷர்களை இடையில் வைப்பது கட்டாயம். பஞ்சு வைத்த இருபக்க ஒட்டுநாடா, இடத்தை முடிவு செய்யும் வரைக்கும் உதவும். நிரந்தரமாக வைத்தால் கை நிற்கும் ஒவ்வொரு முறையும் படம் அதிரும்.

இனி கேபிள். கேமராவின் நாடா போன்ற ரிப்பன் கேபிள் தன் தட்டைப் பக்கமாக எளிதில் வளையும், பக்கவாட்டில் வளையாது. ஆகவே அதன் தட்டைப் பக்கம் மூட்டு மடங்கும் திசையிலேயே அமைய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் அதன் இரு எல்லைகளுக்கும் கையால் மெதுவாக நகர்த்தி, ஒரு நூலைக் கொண்டு மிக நீண்ட பாதையை அளந்து, அதற்கு மேல் சில சென்டிமீட்டர் விட்டுக் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். மூட்டுக்கு இருபுறமும் மட்டும் கட்டி, மூட்டின் மேல் ஒரு தளர்வான வளைவை விடுங்கள். கேமராவுக்கு மிக அருகில் ஒரு கட்டுப் போட்டால், இழுப்பு இணைப்பியின் மெல்லிய தாழ்ப்பாளுக்குப் போகாமல் தாங்கியோடு நின்றுவிடும். சர்வோக்களுக்குத் தனி மின்வழங்கி கொடுத்து, தரை இணைப்பை (கிரவுண்ட்) மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து கேமரா நின்றுபோகலாம்.

பொருத்திய பின், மேசையில் ஒரு சிறு புள்ளியை வரைந்து, கையை ஒரு நிலையில் நிறுத்திப் படம் எடுங்கள். பலமுறை ஆட்டி அசைத்துவிட்டு, கிரிப்பரை அதே அளவு திறந்து, அதே நிலைக்குக் கொண்டுவந்து மறுபடியும் எடுங்கள். படத்தில் விரல் நுனியின் இடம் மாறியிருந்தால், தாங்கியோ கிரிப்பரோ தளர்ந்திருக்கக்கூடும். திருகுகளைச் சரிபார்க்க வேண்டும். விரல் நுனி அசையாமல் புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால், குறை உங்கள் பொருத்துதலில் இல்லை, பெரும்பாலும் மோட்டார்ப் பற்சக்கரங்களின் தளர்வில் இருக்கிறது. அதைத் தாங்கியை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.