நாக்கால் உருவம் கண்டுபிடிக்கும் சோதனை: வீட்டில் செய்வது எப்படி?

நாக்கின் நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று படம் போட்டு விளக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படம் தவறு. சுவைமொட்டு உள்ள எந்த இடமும் எல்லாச் சுவையையும் அறியும். பாலக்கோட்டில் அறிவியல் பாடம் எடுக்கும் எனக்கு, நாக்கின் தொடுஉணர்வுதான் அதைவிடப் பெரிய வியப்பு. கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கும் ஊர் இது; உருண்டைக்குள் சிறிய மாவுக்கட்டி இருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

தளிப் பக்கத்துக் கேரட் ஒன்று, தையல் நூல், தாள், பென்சில் போதும். மாங்காய் வேண்டாம், புளிப்புக்கு எச்சில் ஊறித் துண்டு வழுக்கும். வட்டம், முக்கோணம், சதுரம், பிறை என்று கட்டைவிரல் நக அகலத்தில் வெட்டுங்கள். எல்லாம் ஒரே கேரட்டில் வெட்டியவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ருசியை வைத்தே ஊகித்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் நூலைக் கோத்து இறுக முடிச்சுப் போடுங்கள். நூலின் மறுமுனை எப்போதும் வாய்க்கு வெளியே, கையில் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இது கூடாது.

கண்ணை மூடியவரின் நாக்கில் துண்டை வையுங்கள். முதலில் நாக்கை அசைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். துண்டை எடுத்ததும் அவர் உருவத்தை வரையட்டும். பிறகு அதே துண்டை அண்ணத்தில் அழுத்திப் புரட்டிப் பார்க்க விடுங்கள். இரண்டாவது படத்தில்தான் மூலைகள் தெளிவாக விழும். அசையாத நாக்குக்குக் கிடைப்பது வெறும் அழுத்தம். புரட்டும்போது விளிம்பும் முனையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நாக்கு எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற கணக்கையும் சேர்த்து மூளை உருவத்தைக் கட்டுகிறது.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்பார்கள். நாக்கின் முன்பகுதியில் சுவைக்கு ஏழாம் கபால நரம்பு, தொடுதலுக்கு ஐந்தாம் கபால நரம்பு. தொடுசெய்தி மூளைத்தண்டு, மூளையின் நடுவே செய்திகளைக் கடத்திவிடும் தலாமஸ் வழியாக, பெருமூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகிறது. விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மின்சாரத்தால் தூண்டி, உடலின் எந்தப் பகுதிக்கு எந்த இடம் என்று மூளை அறுவை மருத்துவர்களான வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்டார்கள். உதடும் நாக்கும் அங்கே தம் அளவுக்கு மீறிய இடம் பிடித்திருக்கின்றன, முதுகுக்கோ கொஞ்சம்தான். நாக்கு நுனி சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளையும் பிரித்தறியும். முதுகுக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் வேண்டும்.

கடைசியாக, பெரிய கேரட் வில்லை ஒன்றில் சிறு ஓட்டை போட்டு, முதலில் விரலாலும் பிறகு நாக்கு நுனியாலும் தடவி, ஓட்டையின் அளவை இரு முறையும் வரையச் சொல்லுங்கள். நாக்கு சொன்ன ஓட்டைதான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சொத்தைப் பல்லின் பள்ளம் கண்ணாடியில் பார்ப்பதைவிட வாய்க்குள் பெரிதாகத் தோன்றுவதும் இதனால்தான்.