பழைய புல்லட்டை வீட்டில் மாற்றியமைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக்காரர்களுக்குப் பழைய வண்டி விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மேற்கே போனால் பாலக்காட்டு ஆக்ரிக் (பழைய சாமான்) கடைகள், கிழக்கே போனால் பொள்ளாச்சி, கோவையின் பழைய இரும்புக் கடைகள். இந்த வசதியே முதல் தவறுக்கும் இடம் கொடுக்கிறது. வண்டியை இன்னும் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள், அதற்குள் சாக்கு நிறையச் சாமான் வந்து சேர்ந்திருக்கும். எது தேய்ந்திருக்கிறது, எது தேறும் என்று பார்த்து எழுதிய பட்டியலும், நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியரும் கையில் இல்லாமல் பழைய சாமான் கடைக்குப் போகவே கூடாது.

வெர்னியர் மட்டும் போதாது, மரைகளின் இடைவெளியைப் பார்க்கும் மரை கேஜும் வேண்டும். நல்ல எஞ்சின்கள் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். புல்லட் 1950களின் நடுவில் சென்னையில் பூட்டத் தொடங்கிய ஆங்கிலேய வண்டி. பழைய எஞ்சின்களின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. பல இடங்களில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை. மைசூரில் செய்த யெஸ்டி பைக்கோ செக் நாட்டு வடிவம், மில்லிமீட்டர் கணக்கு. கடையில் இரண்டின் போல்ட்டுகளும் ஒரே டப்பாவில் கிடக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. ஆகவே 8 மி.மீ. போல்ட்டைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. ஆனால் 26 மரைக்கு இடைவெளி ஏறத்தாழ 0.98 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 1.25 மி.மீ. தவறான போல்ட்டும் முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறிவிடும், பிறகு இறுகும். துருதான் பிடிக்கிறது என்று எண்ணி ஸ்பானர் போட்டு இழுத்தால் எஞ்சினின் அலுமினிய கேஸில் (வெளிக்கூட்டில்) உள்ள மரை சுருள் சுருளாக வழித்துக்கொண்டு வந்துவிடும். கேஜ் இல்லாத இடத்தில் ஒரு வழி இருக்கிறது. கழற்றிய போல்ட்டையும் வாங்கப்போகும் போல்ட்டையும் பக்கவாட்டில் ஒட்டி, பல்லோடு பல் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடைசிப் பல் வரை இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் இரண்டும் ஒரே மரை. ஏற்கெனவே மரை போன கேஸைப் பசை போட்டு ஒட்டப் பார்க்காமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுருள் மரை (துளைக்குள் புது மரையாக இறக்கும் கம்பிச் சுருள்) வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டியின் சட்டத்தை (பிரேமை) அறுப்பது. படத்தில் பார்த்த, பின்பக்கம் குட்டையான ‘பாபர்’ (bobber) வடிவத்துக்காகப் பின்பக்கத்தைக் கிரைண்டரால் வெட்டிவிடுகிறார்கள். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் குழாய் ஓடுவதில்லை. எஞ்சினே சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று பாரம் தாங்குகிறது. எஞ்சினை இறக்கிய சட்டத்தைத் தாங்கு கொடுக்காமல் வெட்டிப் பற்றவைத்தால் அது முறுக்கிக்கொள்ளும், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. நூல் பிடித்துப் பார்த்தால் அரை விரல் விலகல் கண்ணுக்குத் தெரியும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கைப்பிடியே சொல்லிவிடும். சீட், கைப்பிடி, மட்கார்டு, விளக்கு ஆகியவை போல்ட்டில் கழன்று போல்ட்டில் ஏறுபவை. அவற்றை மாற்றியே வண்டிக்குப் புது முகம் கொடுக்கலாம். என் உறுதியான கருத்து, வீட்டுப் பட்டறையில் சட்டத்தின் மேல் கிரைண்டர் படவே கூடாது.

பெட்ரோல் டேங்க் வேறு வகை ஆபத்து. இந்தப் பகுதியின் மழை ஈரத்தில் திறந்து கிடந்த டேங்கின் உட்புறம் துரு பிடிக்காமல் இருக்காது. உள்ளே நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுக்கலாம், அதை வீட்டில் செய்யலாம். ஓட்டையைப் பற்றவைப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இந்த வேலையே தொழிலாக உள்ளவர்களிடம் கொடுங்கள்.

பழையதாக வாங்கவே கூடாதவை பிரேக் ஷூ, கேபிள், செயின், டயர். பட்டன் தேயாத டயர் என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0914 என்றால் 2014ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி வைத்தால் மட்டும் போதாது. சார்ஜ் செய்யும் அமைப்பு, காயில், பல்பு, ஹாரன் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பியூஸ் இல்லாமல் ஒரு கம்பியும் ஓடக்கூடாது.

காகித விஷயத்தை எல்லையோரத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். எஞ்சின் எண் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். எண் எழுதிய ரசீது கையில் இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். கேஎல் 09 (பாலக்காட்டுப் பதிவு) வண்டியைப் பொள்ளாச்சியில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்குள்ள பதிவுக்கு மாற்ற வேண்டும், அதற்குத் தடையில்லாச் சான்று தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவும் பிரேமோ எஞ்சினோ பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் கிடைக்கும். உங்கள் வண்டி அந்த வயதை நெருங்குகிறது என்றால் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் எண்ணெய் தடவி, பெயர் எழுதிக் கட்டி வையுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. பலர் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒரு பிராக்கெட் சேரவில்லை என்று பளபளக்கும் சட்டத்தின் மேல் அரம் போடுகிறார்கள். பிரைமரோடு வண்டியை முழுவதும் பூட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் கசியும் இடத்தையும் ஒயர் உரசும் இடத்தையும் சாக்பீஸால் குறியுங்கள். அவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு மறுபடி பிரித்துப் பெயின்டுக்கு அனுப்புங்கள். நிறம் மாறுகிறது என்றால் அதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.