முதலாளிக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைப் புரியவைப்பது எப்படி? திருகோணமலையில் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நிலாவெளியில் ஒரு விடுதி, டவுனில் ஒரு கடை, அல்லது மீன் வாங்கி அனுப்பும் ஒரு கம்பனி. அங்கே பேஸ்புக் பக்கத்தையும் வட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளையும் பார்க்கும் வேலை உங்களுடையது. “மக்கள் தொடர்புக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கினால் நல்லது, முதலாளி” என்கிறீர்கள். “அதுக்குத்தானே தம்பி விளம்பரம் போடுறம்?” என்று பதில் வருகிறது. பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் வேறு என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

படி 1: கேள்வியில் தொடங்குங்கள்

மக்கள் தொடர்பு என்றால் என்ன என்று விளக்கப் போகாதீர்கள். “போன சீசனில் உங்களை நித்திரை கொள்ள விடாமல் செய்தது எது?” என்று கேளுங்கள். ரத்தான புக்கிங், கூகுளில் யாரோ எழுதிய மோசமான ரிவ்யூ, பக்கத்து ஆக்களோடு தகராறு, நல்ல பிள்ளைகள் வேலைக்கு வராதது என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், இதில் எதை விளம்பரம் போட்டுச் சரிசெய்யலாம் என்று கேளுங்கள். அநேகமாக ஒன்றும் இருக்காது.

வித்தியாசத்தை அப்போது சொல்லலாம். நம்மைப் பற்றி நாமே காசு கொடுத்துச் சொல்வது விளம்பரம். மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப நடந்து, நடந்ததை மறைக்காமல் சொல்வது மக்கள் தொடர்பு. இதற்கு மேல் வரைவிலக்கணம் வேண்டாம்.

படி 2: ஆக்களின் பட்டியலை ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள்

முதலாளியோடு உட்கார்ந்து எழுத வேண்டிய பட்டியல் இது. ‘நம்மைப் பற்றி யார் நல்லது சொன்னால் தொழில் ஓடும், யார் முகம் திருப்பினால் நிற்கும்?’ என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளரையும் பத்திரிகைக்காரரையும் உடனே சொல்லிவிடுவார். விடுபடுகிறவர்கள்தான் முக்கியம். கடற்கரை விடுதி என்றால் புறாமலைக்குப் படகு ஓட்டுபவர்கள், ஓட்டோக்காரர்கள், கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், வேலையாட்களின் வீட்டுக்காரர், கிராம சேவகர், கரைவலைக்காரர்கள்.

கரைவலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கரையில் சுற்றுலாச் சீசனும் கரைவலைக் காலமும் பெரும்பாலும் ஒரே மாதங்களில்தான் வருகின்றன. விடியற்காலையில் வலையை வளைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆக்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பின்னுக்கு நடப்பதால், மணலில் அவர்களுக்கு நீளமான இடம் தேவை. அந்த இடத்திலேயே விடுதிக்காரர் சாய்வுக் கதிரைகளைப் போட்டால் கயிறு கதிரையில் சிக்கும், வாய்த்தர்க்கம் வரும், யாராவது போனில் படம் பிடிப்பார்கள். சீசன் தொடங்குமுன் மனேஜர் போய், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம், “அண்ணன், வலை எந்தப் பக்கத்தால வரும்?” என்று கேட்டுவிட்டுக் கதிரைகளைத் தள்ளிப் போட்டிருந்தால் கதையே வேறு. விருந்தினர்களும் போய்க் கயிறு பிடிப்பார்கள், பிடித்த மீன் விடுதிச் சமையலறைக்கே வரும், படங்கள் இன்ஸ்டகிராமில் ஏறும். முதலாளியைக் கரைக்கே கூட்டிப்போய் இதைக் காட்டுங்கள். மேசையில் இருந்து சொல்வதைவிட இது கூடுதலாக எடுபடும்.

படி 3: நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுக் கதையைச் சொல்லுங்கள்

பாடப் புத்தகங்களில் வருவது 1982இல் சிக்காகோவில் டைலனோல் என்ற வலி மாத்திரைக் கப்சூல்களில் யாரோ விஷம் கலந்த சம்பவம். ஏழு பேர் இறந்தார்கள். தவறு கம்பனியுடையது அல்ல. ஆனாலும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் சுமார் 3 கோடி 10 இலட்சம் போத்தல்களைத் திரும்ப எடுத்தது. நல்ல உதாரணம்தான். ஆனால் திருகோணமலை முதலாளிக்கு அது தூரத்துக் கதை.

மீனைச் சொல்லுங்கள். 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியது. சந்தை மூடப்பட்டது, சனம் மீன் வாங்கவே பயந்தது. கடலில் இருந்த மீனுக்கும் வலை வீசியவனுக்கும் அந்தச் சந்தையோடு என்ன சம்பந்தம்? ஆனாலும் விலை விழுந்தது. அடுத்த மாதம் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் மாநாட்டில் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டி, பயப்படாமல் வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். படம் உலகம் முழுக்கப் போனது. நம் கையில் தவறே இல்லாவிட்டாலும் சந்தேகம் நம் கல்லாவைக் காலியாக்கும் என்பதை மீன் தொழில் செய்பவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. “அந்த நேரம் உங்கள் மீன் எங்கே, எப்படிக் கையாளப்படுகிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல ஆள் இருந்ததா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

படி 4: காசுக் கணக்காக மாற்றுங்கள்

முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்களையே எடுங்கள். பேச்சுக்கு, ஒரு அறை இரவுக்கு 15,000 ரூபாய். ஒரு தகராறு வீடியோவால் மூன்று அறைகள் நான்கு இரவுகளுக்கு ரத்தானால் 1,80,000 ரூபாய். இதே தொகையில் வருடம் முழுக்க என்னென்ன செய்யலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஊகித்த தொகை எது, புத்தகத்தில் உள்ள தொகை எது என்று பிரித்துக் காட்டுங்கள். ஒரு எண்ணை ஊதிப் பெருப்பித்தீர்கள் என்று தெரிந்தால், மிச்சம் எதையும் அவர் நம்பமாட்டார்.

படி 5: ஒரு சீசனுக்கு மட்டும் கேளுங்கள்

வருடத் திட்டம் என்றால் தலையாட்டமாட்டார். மே தொடக்கம் செப்டெம்பர் வரை போதும். மூன்று வேலைகள்: எல்லா ரிவ்யூவுக்கும் இரண்டு நாளுக்குள் மரியாதையாகப் பதில், பட்டியலில் உள்ளவர்களை முதலாளி நேரில் சந்திப்பது, அறிவித்தல்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். நம் ஊரில் மூன்றாவதைத் தள்ளிப்போடக் கூடாது. தன் மொழியில் ஒரு பலகைகூட இல்லாத கடையை யாரும் தன்னுடையது என்று நினைக்கமாட்டார்கள்.

படி 6: அளக்கும் விதம்

செய்தி வந்த இடத்தின் அளவைப் பார்த்து, ‘இதே இடத்துக்கு விளம்பரம் போட்டிருந்தால் இவ்வளவு செலவாகியிருக்கும், அதுதான் நமக்கு இலாபம்’ என்று கணக்குக் காட்டுவது பழைய பழக்கம். செய்யாதீர்கள். இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று, மக்கள் தொடர்பை எப்படி அளப்பது என்பதற்கு 2010இல் வகுக்கப்பட்ட பார்சலோனாக் கோட்பாடுகளே சொல்கின்றன. வீரகேசரியில் கால் பக்கம் வந்தது என்பதை விட, அதைப் படித்து எத்தனை பேர் போன் எடுத்தார்கள் என்பதே செய்தி. வரும் ஒவ்வொருவரிடமும் “எங்களை எப்படித் தெரியும்?” என்று வரவேற்பு மேசையில் கேட்டு, ஒரு கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள். முதலில் கெட்ட செய்தி, அதற்கு என்ன செய்தோம், பிறகு நல்லது, கடைசியில் செலவு. சம்பளக் கணக்கு முடிந்து முதலாளி கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நாளில் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அது நூறு மெசேஜுக்கு அடியில் போய்விடும்.