ஆசிரியர் இல்லாமல் எழுதப் பழகுவது எப்படி: பெஞ்சமின் பிராங்க்ளின் செய்த பயிற்சி

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும், சுயமுன்னேற்றம் பேசுகிறவர்கள், தான் பழக வேண்டும் என்று அவர் எழுதி வைத்த 13 நற்பண்புகள் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பல மடங்கு உபயோகமானது, சின்ன வயதில் அவர் எழுதக் கற்றுக்கொண்ட விதம். தன் சுயசரிதையில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், ஆனால் எழுத ஆசையுள்ள யாரும் இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம்.

பின்கதை கொஞ்சம் தெரிந்தால் நல்லது. 1706ல் பாஸ்டனில், சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற ஒருவரின் வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். பெண்களுக்குக் கல்வி தேவையா என்று நண்பன் ஜான் காலின்ஸோடு கடிதத்திலேயே வாதம் நடந்தது (தேவை என்பது பிராங்க்ளின் கட்சி). அந்தக் கடிதங்கள் அப்பா கண்ணில் பட்டன. எழுத்துப்பிழை இல்லாமலும் நிறுத்தற்குறி சரியாகவும் எழுதுகிறாய், ஆனால் நடையிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் காலின்ஸ்தான் மேல் என்று இடம் காட்டிச் சொன்னார் அப்பா. பையன் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டு அப்புறம் உட்கார்ந்து செய்ததுதான் இந்தப் பயிற்சி.

லண்டனில் ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் நடத்திய ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற கட்டுரை இதழ்களின் ஒரு தொகுதி அவர் கையில் கிடைத்தது. அதைத்தான் அவர் வாத்தியாராக வைத்துக்கொண்டார். நீங்களும் முதலில் ஒரு எழுத்தாளரைத் தேர்ந்தெடுங்கள். இப்படி எழுத வந்தால் போதும் என்று உங்களுக்கு உண்மையிலேயே தோன்றுகிற ஆளாக இருக்க வேண்டும், ஊர் கொண்டாடுகிறது என்பதற்காக வேண்டாம். அவருடைய கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுங்கள், முழுக் கட்டுரையோடு தொடங்கினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மூன்று சொல்லில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்.

சில நாள் அதைத் தொடவே கூடாது. அன்றைக்கே எழுதினால் மனப்பாடம்தான் வெளியே வரும், உங்கள் எழுத்து வராது. மூலத்தின் வாக்கியங்கள் மறந்த பிறகு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை உங்கள் சொற்களில் முழுதாக எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பாடம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

ஒரு உதாரணம், அவருடைய சுயசரிதையிலிருந்தே. 1723ல், 17 வயதில், அண்ணனிடமிருந்து ஓடி பிலடெல்பியா வந்து இறங்கிய காலையைப் பற்றிய பகுதி. குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘மூன்று ரொட்டி – அக்குளில் இரண்டு – மார்க்கெட் தெரு – வாசலில் வருங்கால மனைவி.’ சில நாள் கழித்து இதை வைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்: “பிராங்க்ளின் மூன்று ரொட்டிகள் வாங்கினார். இரண்டை அக்குளில் வைத்துக்கொண்டு ஒன்றைத் தின்றபடி மார்க்கெட் தெருவில் நடந்தார். வாசலில் நின்ற அவருடைய வருங்கால மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.” தப்பில்லாத எழுத்துதான். ஆனால் மூலத்தைத் திறந்தால், சட்டையும் காலுறையும் திணித்து உடுப்பின் பாக்கெட் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருக்கிறது, அதில் இடமில்லாததால்தான் ரொட்டி அக்குளுக்குப் போகிறது. மூன்று பென்னிக்கு இவ்வளவு ரொட்டியா என்று அவர் ஆச்சரியப்படுவதும் அங்கே இருக்கிறது, பாஸ்டன் விலையே அவருக்குப் பழக்கம். அந்தப் பெண் சிரித்ததாக மூலத்தில் இல்லவே இல்லை, பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கிறான் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆக, எழுதியவர் காரணத்தைத் தொலைத்திருக்கிறார், இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இந்த இரண்டையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வரும், எதைத் திருத்த வேண்டும் என்பது அதிலிருந்து தானாகத் தெரிந்துவிடும். சில சமயம் உங்களுடைய வாக்கியம் மூலத்தைவிட நன்றாக இருக்கும், அதையும் குறியுங்கள், பிராங்க்ளினும் அப்படிச் சில இடங்களைக் கண்டு சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் தன்னிடம் சொல் கையிருப்பு குறைவு என்று அவருக்குப் புரிந்தது. அதற்கு உரைநடையைச் செய்யுளாக மாற்றி, மறந்தபின் மறுபடி உரைநடையாக்கினார். அளவுக்கும் ஓசைக்கும் பொருந்த வேண்டுமென்றால் ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் தேடித்தானே ஆக வேண்டும். தமிழில் எதுகை மோனை இருக்கவே இருக்கிறது, வெண்பா இலக்கணமெல்லாம் தெரிய வேண்டியதில்லை, நான்கு வரி வந்தால் போதும். ஒழுங்குக்கு வேறொரு வழி வைத்திருந்தார்: குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்த்தார். துண்டுச் சீட்டுகளில் ஒரு சீட்டுக்கு ஒரு குறிப்பாக எழுதினால் இது சுலபம். கட்டுரை அங்கும் இங்கும் ஓடுகிறது என்று திட்டு வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ராத்திரி வேலை முடிந்த பிறகு, காலையில் வேலை தொடங்கும் முன், ஞாயிற்றுக்கிழமை, இவைதான் அவருடைய நேரம். அப்புறம் சைவத்துக்கு மாறியபோது, தன் சாப்பாட்டுச் செலவில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும் என்று அண்ணனிடம் பேசிக்கொண்டார், அதிலும் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ரொட்டித் துண்டும் ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் தண்ணீருமாக அச்சகத்திலேயே இருந்து படித்தார்.

கொஞ்ச நாள் பழகிய பிறகு சொந்தமாக ஒன்று எழுதி, உங்கள் பெயர் இல்லாமல் யாருக்காவது படிக்கக் கொடுங்கள். 1722ல் அவர் செய்ததும் அதுதான். சைலன்ஸ் டூகுட் என்ற விதவை எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதி, கையெழுத்தை மாற்றி, ராத்திரி அச்சகக் கதவுக்கு அடியில் போட்டுவிட்டார். அண்ணனும் நண்பர்களும் அவர் காதுபடவே அதைப் பாராட்டினார்கள், எழுதியது யார் என்று ஊகித்தவர்கள் சொன்ன பெயரெல்லாம் ஊரில் படிப்பும் அறிவும் உள்ளவர்களின் பெயராக இருந்தது. அப்படி மொத்தம் 14 கடிதங்கள் அண்ணனின் ‘நியூ இங்கிலாந்து கூரன்ட்’ பத்திரிகையில் வந்தன, அப்போது அவருக்கு வயது 16.