சிறிய கணினி போர்டு சூடாகிறதா? விசிறியை மாற்றும் முன் காற்றின் வழியைப் பாருங்கள்

பெட்டிக்குள் வைத்த போர்டு மந்தமானால் பலரும் முதலில் பெரிய விசிறியைத் தேடுவார்கள். பெரும்பாலும் குறை விசிறியில் இருக்காது. அதனால் முதல் வேலை அளவெடுப்பது.

மூடியைப் போட்டு, சிப்பிலுள்ள எல்லா கோர்களுக்கும் (கணக்கிடும் அலகுகளுக்கும்) முழுச் சுமை கொடுத்து, வெப்பநிலை ஏறுவது நிற்கும்வரை ஓட விடுங்கள். அரை மணி நேரமாவது ஆகும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் வெப்பநிலையை மில்லி டிகிரியில் (டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கில்) சொல்லும்; 68000 என்றால் 68 டிகிரி. கூடவே அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 25 டிகிரி அறையில் சிப் 68 என்றால் வித்தியாசம் 43. அதே பெட்டி 45 டிகிரி சூழலில் இருந்தால் சிப் 88-ஐத் தொடப் பார்க்கும். ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டு 80-லேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். மேசையில் நன்றாக ஓடியது வெயிலில் திணறுவது இதனால்தான்.

அடுத்து, சூடு எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சுமை ஓடும்போதே மூடியைத் திறங்கள். வெப்பநிலை மளமளவென இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. மூடி திறந்தும் சிப் கொதிக்கிறது, அதன் மேலுள்ள ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துடுப்புகள்) மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் கோளாறு நடுவிலுள்ள தெர்மல் பேடில், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தாளில். 15 மி.மீ. சதுரச் சிப்பின் மேல் 1 மி.மீ. தடிப்பில், வெப்பக் கடத்துதிறன் 3 (W/mK) உள்ள பேட் வைத்தால் வாட்டுக்கு ஏறக்குறைய 1.5 டிகிரி போய்விடும்; 5 வாட்டுக்கு ஏழரை டிகிரி. அங்கே மெல்லியதாக அழுத்திய வெப்பம் கடத்தும் பேஸ்ட் (பசை) இருந்தால் இழப்பு அரை டிகிரிகூட வராது. சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் பேட் போடுங்கள்.

இனி காற்று. கடல் மட்டத்தில் கணக்கு எளிது: வாட்டை 3-ஆல் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்பதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று வரும். 10 வாட், 10 டிகிரி என்றால் 3 கன மீட்டர். 40 மி.மீ. விசிறிக்கே இது எளிது. ஆனால் விசிறியின் விவரத்தாளில் உள்ள எண் தடையே இல்லாத திறந்த வெளியில் எடுத்தது. பெட்டிக்குள் பாதி கிடைத்தாலே பெரிது. மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவதால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

துளைகளில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 40 மி.மீ. விசிறியின் வாய் சுமார் 1,100 சதுர மி.மீ.; 5 மி.மீ. துளை ஒன்று 20 சதுர மி.மீ.கூட இல்லை. ஆக, எதிர்ப்பக்கம் 55 துளைகளாவது வேண்டும். தூசி வலை போட்டால் இதைப்போல் இரு மடங்கு. பத்துப் பன்னிரண்டு துளை போட்டுவிட்டு விசிறியைக் குறை சொல்வதில் பயனில்லை. நுழைவாயும் வெளிவாயும் அருகருகே இருந்தால் வெளியேறிய சூடே திரும்ப உள்ளே வரும். எதிரெதிர்ச் சுவர்களில் வையுங்கள். ஹீட் சிங்கின் துடுப்புகள் காற்றோடும் திசையிலேயே இருக்கட்டும். ரிப்பன் கேபிள் குறுக்கே தொங்கக் கூடாது.

தூசி அதிகமென்றால் வலை வழியாக விசிறி காற்றை உள்ளே தள்ளட்டும். வெளியே இழுக்கும்படி வைத்தால் எல்லா இடுக்கிலும் தூசி புகும். பெரும்பாலான விசிறிகளில், சட்டக் கால்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். நீர் புகாத மூடிய பெட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது: சிப்பின் சூட்டை அலுமினியச் சுவருக்கே நேரடியாகக் கடத்த வேண்டும். உள்ளே விசிறி வைத்தால் சூடான காற்றைக் கலக்கிவிடும், அவ்வளவே.

விசிறியைப் போர்டின் ஜிபிஐஓ பின்னில் (சிறு சமிக்ஞைகளுக்கான இணைப்பு ஊசியில்) நேரடியாக இணைக்காதீர்கள். விசிறி இழுக்கும் மின்னோட்டத்தை அந்த ஊசி தாங்காது. இரண்டு கம்பி விசிறிக்கு டிரான்சிஸ்டரும், விசிறிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடும் வேண்டும். நான்கு கம்பி விசிறியின் கட்டுப்பாட்டுக் கம்பிக்கு 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்த விட்டுவிட்டு வரும் துடிப்புச் சமிக்ஞை) கொடுங்கள். 60 டிகிரியில் ஓடத் தொடங்கி 50-ல் நிற்கும்படி வைத்தால் ஓயாமல் நின்று நின்று ஓடாது.

எல்லாம் முடிந்ததும் முழுச் சுமையில் விசிறியின் இணைப்பை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். போர்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்துபோனால் ஹீட் சிங்க் போதவில்லை.