மூணு வயசு அக்காவை பக்கத்துல வெச்சுக்கிட்டு கைக்குழந்தையை தனியா குளிப்பாட்டுறது எப்படி?

பிரசவம் பாத்த அம்மா மூணாம் மாசத்தோட ஊருக்கு கிளம்பிடுவாங்க, வீட்டுக்காரர் எட்டு மணிக்கெல்லாம் ஆபீஸ் போயிடுவார், அப்புறம் வீட்டுல நீங்க, மூணு வயசு பெரியவ, கைக்குழந்தை சின்னவன், அவ்ளோதான். சமையலைக்கூட எப்படியோ சமாளிச்சிடலாம், ஒண்ணும் முடியலன்னா தயிர் சாதம் இருக்கு. குளியல்தான் வயித்தைக் கலக்கும், ஏன்னா அதுவரைக்கும் பாட்டிங்க பண்ணிட்டு இருந்தாங்க, நாம டவலைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தோம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். கைக்குழந்தை போட்ட இடத்துல கிடக்கும், அதால பெரிய தொல்லை கிடையாது, ஓடுறதும் வழுக்கி விழுறதும் பக்கெட்டுக்குள்ள தலையை விடறதும் பெரியவதான். அதனால பிளான் முழுக்க அவளை வெச்சுத்தான் போடணும்.

ஸ்டெப் 1: நேரம் பாக்கிறது

காலைல பத்து, பத்தரை மணி நல்ல நேரம், கொஞ்சம் வெயில் ஏறியிருக்கும். சின்னவன் பால் குடிச்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும், வயிறு முட்ட குடிச்ச உடனே குளிப்பாட்டினா அத்தனையும் கக்கிடுவான், ரொம்ப பசியோட இருந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிடுவான். பெரியவ டிபன் சாப்பிட்டு முடிச்சிருக்கணும், அதைவிட முக்கியம், அவளை உச்சா போக வெச்சிடுங்க. நம்ம ரெண்டு கையும் எண்ணெயா இருக்கும்போதுதான் கரெக்டா "அம்மா உச்சா வருது"ன்னு நிப்பாங்க, இது எல்லா வீட்டுலயும் நடக்கும். அடுப்பை ஆஃப் பண்ணுங்க, வாசல் கதவை மேல் தாழ்ப்பா போட்டுடுங்க, போன் அடிச்சா அடிக்கட்டும்.

ஸ்டெப் 2: எடுத்து வைக்கிறதும் தண்ணி கலக்கிறதும்

கை நீட்டினா எட்டுற தூரத்துல எல்லாம் இருக்கணும். ரெண்டு டவல் (ஒண்ணு தண்ணில நனைஞ்சிடும், கண்டிப்பா), சோப்பு, எண்ணெய், சின்ன மக்கு. மாத்து டிரஸ்ஸை கட்டில்ல விரிச்சே வைங்க, அடியில சட்டை, அதுக்கு மேல நாப்பி, அப்படியே குழந்தையை மேல கிடத்தி மாட்டிடலாம்.

பக்கெட்ல முதல்ல பச்சைத்தண்ணி, அதுக்கப்புறம்தான் சுடுதண்ணி. மாத்தி ஊத்தி வெச்சா, நாம திரும்புற நேரத்துல பெரியவ கையை விட்டு சுட்டுக்குவா. முழங்கையை விட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கணும், சுடவும் கூடாது சில்லுன்னும் இருக்கக்கூடாது, கணக்குக்கு சொன்னா 37, 38 டிகிரி. ஹீட்டர் ராடு போடுற வீடுன்னா சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, ராடை எட்டாத இடத்துல வெச்ச பிறகுதான் பிள்ளைங்களை பாத்ரூம் பக்கமே கூப்பிடணும்.

ஸ்டெப் 3: பெரியவளுக்கு ஒரு நிஜ வேலை

இதுதான் மொத்த விஷயமுமே. "நீ அங்க போய் விளையாடு"ன்னா போக மாட்டா, டிவியைப் போட்டு விட்டாலும் தம்பி அழுற சத்தம் கேட்டதும் ஓடி வந்துடுவா. நிஜமாவே நமக்கு தேவைப்படுற வேலையா குடுங்க. டவலை மடியில வெச்சுக்கிட்டு கூப்பிடும்போது குடுக்கறது, சோப்பு டப்பாவை திறந்து மூடறது, தம்பி காலுக்கு மட்டும் எண்ணெய் தேய்க்கறது. சும்மா பேருக்கு குடுத்த வேலைன்னா அந்த வயசுலயும் கண்டுபிடிச்சிடறாங்க.

இன்னொரு ஐடியா, அவளோட பிளாஸ்டிக் பொம்மை. பாத்ரூம் வாசல்படிக்கு வெளிய ஒரு மிதியடியைப் போட்டு, கிண்ணத்துல ரெண்டு மக்கு தண்ணி குடுத்து உக்கார வெச்சா, அவ பாப்பாவை அவ குளிப்பாட்டுவா. நாம என்ன பண்றோமோ அதையே பண்ணுவா, "அழாதடா கண்ணு, முடிஞ்சிடுச்சு"ன்னு நம்ம குரல்லயே பொம்மைக்கு சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாது. தரை ஈரமாகும், ஆகட்டும், துடைச்சுக்கலாம்.

ஸ்டெப் 4: எண்ணெய்

வெயில் காலத்துல தேங்காய் எண்ணெயே போதும். உள்ளங்கையில தேய்ச்சு சூடு பண்ணி, நெஞ்சு, கை, கால், முதுகுன்னு மெதுவா நீவி விடுங்க, அழுத்த வேணாம். உச்சிக்குழியில லேசா தடவினா போதும், தட்டக்கூடாது. மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறது, மூக்கை இழுத்து விடறது, மார்க்காம்பை பிதுக்கறது, இதெல்லாம் வேண்டவே வேணாம். மூக்குல விடற எண்ணெய் நுரையீரலுக்கு போயிடலாம், மாரைப் பிதுக்கினா சீழ் பிடிக்கலாம். பெரியவங்க யாராவது வற்புறுத்தினா "டாக்டர் வேணாம்னுட்டார்"னு அவர் தலையில போட்டுடுங்க, சண்டை வராது.

இடது கையில பிசிஜி (காசநோய் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரம் கழிச்சு கட்டி மாதிரி வீங்கி உடையும், அது நார்மல்தான், அங்க தேய்க்காதீங்க. ஆறாம் வாரம், பத்தாம் வாரம் தொடையில ஊசி போட்டிருந்தாலும் அந்த இடத்தை நீவி விடக்கூடாது, குளிப்பாட்டலாம், தப்பில்ல.

ஸ்டெப் 5: கால்ல போட்டு ஊத்தறது

மணையில உக்காந்து சுவத்துல முதுகை சாய்ச்சுக்கோங்க, ரெண்டு காலையும் சேத்து நீட்டுங்க. குழந்தையோட தலை நம்ம கணுக்கால் பக்கம், முகம் நம்மளைப் பாத்த மாதிரி. கழுத்து இன்னும் நிக்கலைன்னா இடது கை எப்பவும் தலைக்கு அடியிலதான். கால்ல இருந்து ஊத்த ஆரம்பிச்சு மேல வாங்க, தலைக்கு கடைசி, அதுவும் நெத்தியில கையை அணை கட்டின மாதிரி வெச்சுக்கிட்டு பின்னாடி வழியிற மாதிரி ஊத்தணும். முதுகுக்கு குப்புற போடும்போது முகம் ஒரு பக்கமா திரும்பி இருக்கான்னு பாத்துக்கோங்க. மொத்தமே அஞ்சு, பத்து நிமிஷத்துல முடிச்சிடணும்.

எண்ணெய் கையோட குழந்தை வழுக்கும், அதனால கால்ல போடறதுக்கு முன்னாடியே உங்க கையை சோப்பு போட்டு கழுவிடுங்க. காலை நீட்டி பழக்கமில்லைன்னா பேபி டப்ல கொஞ்சூண்டு தண்ணி வெச்சு பண்ணுங்க, பாரம்பரியம் ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆனா எதுல பண்ணினாலும், பெரியவ உள்ள என்னத்தையோ கொட்டின சத்தம் கேட்டாலும் சரி, காலிங் பெல் அடிச்சாலும் சரி, குழந்தையை விட்டுட்டு எழுந்திரிக்கவே கூடாது. போயே ஆகணும்னா டவல்ல சுத்தி தூக்கிட்டுப் போங்க.

ஸ்டெப் 6: துடைக்கிறது

வெளிய வரும்போது பெரியவ முன்னாடி நடக்கணும், நாம பின்னாடி, இல்லைன்னா ஈரத்தரையில நம்ம காலுக்குள்ள வந்து மாட்டிக்குவா. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, இங்கெல்லாம் ஒத்தி எடுங்க, பால் வழிஞ்சு புண்ணாகுற இடமே கழுத்து மடிப்புதான். பவுடர் வேணாம், மூச்சுல ஏறும். சாம்பிராணி வாசனை எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா புகையை குழந்தை பக்கத்துல காட்டாதீங்க, அந்த முடிக்கு டவலே போதும். திருஷ்டிப் பொட்டை கண்ணுக்கிட்ட வைக்காம உள்ளங்கால்ல வைங்க, அதை வைக்கற உரிமையை அக்காவுக்கு குடுத்துடுங்க.

ஸ்டெப் 7: அக்கா குளியல்

பாலைக் குடிச்சதும் சின்னவன் அசந்து தூங்கிடுவான். கட்டில்ல ஓரமா விடாம தரையில பாயைப் போட்டு மல்லாக்க படுக்க வெச்சுட்டு, பாத்ரூம் கதவைத் திறந்தே வெச்சு பெரியவளைக் குளிப்பாட்டுங்க. "என்னையும் தம்பி மாதிரி கால்ல போட்டு குளிப்பாட்டு"ன்னு கேப்பா. பெரிய பொண்ணாயிட்டேன்னு புத்திமதி சொல்லாம போட்டுக்கோங்க, கால் ரெண்டும் நம்ம இடுப்பைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு மக்கு ஊத்தினதும் அவளே "போதும்மா, நான் நின்னுக்கறேன்"னு எழுந்துடுவா. கடைசியா பக்கெட்டைக் கவுத்து வெச்சு, பாத்ரூமை வெளிய தாழ்ப்பா போட்டுடுங்க. சளியோ மழையோ இருக்கிற நாள்ல ரெண்டு பேருக்குமே வெதுவெதுப்பான துணியால துடைச்சு விட்டா போதும், தினம் தலைக்கு ஊத்தியே ஆகணும்னு இல்ல.