ஹீட்டர் தொட்டி சீக்கிரம் ஓட்டை விழாமல் இருக்க

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர்கள் வெந்நீர் ஹீட்டர் என்றதும் முதலில் உப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அங்கே போர் தண்ணீரில் சூடேற்றும் கம்பிச்சுருள் மேல் வெள்ளையாகப் படிந்து, இரண்டே வருடத்தில் கல் மாதிரி ஆகிவிடும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினமில்லை, அதனால் உப்பை நீக்கும் ஃபில்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இங்கே தொட்டி வகை ஹீட்டருக்கு எமன் துருதான். பல தொட்டிகளின் உட்புறம் எனாமல் பூசிய இரும்பு, அதற்குள் ஒரு மக்னீசியக் கம்பி, ஆனோடு என்பார்கள், இரும்பு அரிபடாமல் இருக்கத் தான் கரைந்துகொண்டே இருக்கும். அது தீர்ந்த பிறகு அரிப்பு நேராகத் தொட்டியின் மேல் பாயும். சுவிட்சை அணைத்து வைத்தால் கம்பி மிச்சமாகும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன், ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது கரையத்தான் செய்யும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் பிளம்பரைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்து உள்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள், புதுத் தொட்டியோடு பார்த்தால் சில்லறைச் செலவுதான்.

சூட்டையும் கடைசி வரை ஏற்றாதீர்கள், சூடு கூடக்கூட அரிப்பும் கூடும். தொட்டிக்குள் கிருமி வளராமல் இருக்க 60 டிகிரி போதும். நம் தண்ணீர் வரும்போதே 28 டிகிரியைத் தொட்டுவிடுகிறது, குளிக்க 40 இருந்தாலே தாராளம். தொட்டியில்லாத சின்ன 3.3 கிலோவாட் ஹீட்டரே இங்கே நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் சூடாகக் கொடுப்பது இதனால்தான். குளிர்நாட்டில் அதே ஹீட்டரிலிருந்து நூல் போலத்தான் தண்ணீர் வரும்.

அப்புறம் ஈரக்காற்று. ஜன்னல் இல்லாத குளியலறையில், அதுவும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஹீட்டரை ஒளித்து வைத்திருந்தால், திருகு, ஒயர் முனை, வெளிக்கூடு எல்லாம் ஓசையில்லாமல் துருப்பிடிக்கும். எங்கள் வீட்டில் சீலிங் பலகை பழுப்பேறி உப்பிய பிறகுதான் கசிவே தெரிந்தது. சீலிங்கில் திறந்து பார்க்க ஒரு கதவு கட்டாயம் வையுங்கள், குளித்தபின் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். தொட்டியில்லாத ஹீட்டராக இருந்தால் அதிலுள்ள மின்கசிவு சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் அன்றைக்குக் குளியல் பச்சைத் தண்ணீரில்தான்.

கசிவு கண்டால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், பிறகு தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். குழாய் இணைப்பு, பாதுகாப்பு வால்வு என்றால் சரிசெய்யலாம். தொட்டியே கசிந்தால் ஒட்டுப்போட முயலாதீர்கள், உரிமம் பெற்ற பிளம்பரை வைத்துப் புதிதாக மாற்றுங்கள்.